போற்றி, மறுபடியும் போற்றி

"ஐயோ, மறுபடியும் மொதல்லேருந்தா!"

பஞ்சாலை அக்காவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை. பூசாரி நல்லசாமி நூற்றெட்டுப் போற்றியை முடித்த கையோடு இரண்டாம் முறை ஆரம்பித்திருந்தார்.

பூசையை நேரலையில் காட்டக் கோயிலுக்கு வைஃபை வந்ததிலிருந்து இதே கூத்துதான். மனிதர் மைக்கை விடுவதே இல்லை.

"ஊரே பாக்குதுன்னு நெனப்பு" என்று முணுமுணுத்தாள். செனாவாங் பேக்டரியில் ஷிப்டு முடிந்து புருஷன் வருகிற நேரம். வீட்டில் உலைகூட வைக்கவில்லை. தீபம் பார்க்காமல் எழுந்து போகவும் மனசு வரவில்லை.

தூணோரம் ரோகினி வேறு போனில் மூழ்கிக் கிடந்தாள். யூனிவர்சிட்டியில் படிக்கிற பெண்!

"சாமி முன்னாடி என்னாடி போனு?"

"பாடப் புத்தகம் எறக்குறேங்க்கா. லெக்சர் வீடியோவும் இருக்கு."

"திருட்டுத்தனமாவா?"

"சீச்சீ! எழுதுன புரொபசருங்களே, யாரு வேணா எடுத்துக்கலாம்னு ப்ரீயா போட்டிருக்காங்க. கோயில் பிரசாதம் மாதிரி."

"அத வீட்டுல வச்சு எடுக்கறது?"

"நம்ம தோட்டத்துல வேற எங்கக்கா லைன் இருக்கு? இதையும் பூசை முடிஞ்ச ஒடனே தலைவர் அடைச்சிருவாரு. திங்கக்கெழம பரீட்சை. இன்னும் பாதிகூட எறங்கல."

கோயில் தலைவர் திருநாவுக்கரசு வைஃபை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். சாமிக்கு வாங்கிய லைனை வேறு எதற்கும் விடமாட்டார். நேரலையைப் பார்ப்பதோ அவர் மகன் ஒருவன்தான்.

"போதும் பூசாரி, சூடத்தக் காட்டுங்க லா!" என்று குரல் கொடுத்தார்.

பஞ்சாலைக்கு ரோகினியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நல்லசாமி தட்டில் சூடத்தை வைத்தார். கொளுத்தவில்லை. தூணோரம் திரும்பி, 'ஆச்சா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

ரோகினி இல்லையென்று தலையாட்டினாள்.

பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி மைக்கைப் பிடித்தார். பாவம், குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

பஞ்சாலை துள்ளி எழுந்தாள்.

"நில்லுங்க பூசாரி ஐயா, எங்க வீட்டு அர்ச்சனை இருக்கு! பேரு, ராசி, நட்சத்திரம் எல்லாம் மெதுவா, நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்... எங்க மாமியா பக்கம் மட்டுமே முப்பது பேரு!"