கூறு போட்ட கார்

தீவுக்குக் கார்களை ஏற்றிப்போகும் படகில் முன்னால் நின்ற வெள்ளைக் காருக்கு ஒரு கதவு மட்டும் நீலம்.

இங்குன் தன் காரிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தாள். கைப்பிடிக்குக் கீழே ஒரு நசுங்கல். பதினெட்டு வயதில் கார் பழகும்போது படகுத்துறைக் கம்பத்தில் அவளே இடித்தது. சந்தேகமே இல்லை, அம்மாவின் காரில் இருந்த கதவு.

உள்ளே இருந்த மீனவர் ஓட்வார் கண்ணாடியை இறக்கினார்.

"அடடே, நர்சம்மா போர்கில்ட் மகளா! கதவைத்தானே பார்க்கறே? உங்கப்பாகிட்டதான் வாங்கினேன். இந்தக் காலத்துல இப்படித் தகரம் எங்கே கிடைக்குது?"

"கதவை மட்டுமா வித்தார்?"

"நல்லாக் கேட்டே போ! நம்ம தீவுல பாதிப் பேருகிட்ட அதே மாடல்தானே. சக்கரம் நாலும் பள்ளிக்கூட வாத்தியாருக்கு. பாதிரியார் நேத்துதான் முன்விளக்கைக் கழட்டிட்டுப் போனார்."

இங்குன் தன் காருக்குத் திரும்பினாள். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் காரைக் கூறு போட்டு விற்றிருக்கிறார் அப்பா. இத்தனைக்கும், முழுசாக வாங்கிக்கொள்ள பெர்கன் நகரத்தில் ஒரு பழைய கார்ப் பிரியரை இங்குனே தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தாள். மெழுகு போட்டுத் துடைத்துக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்கிற மனுஷன். அப்பா மசியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஹால்வார் அடுப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் சீவிய உருளைக்கிழங்கு பாத்திரத் தண்ணீரில் கிடந்தது. அடுப்பை இன்னும் போடவில்லை.

"வா கண்ணு. பசிக்குதா? சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

"சாப்பிட வரலை. அம்மா கார் சாவியைக் குடுங்க."

"சாவி எதுக்கு? கதவே இல்லையே."

இங்குன் விடுவிடுவென்று கொட்டகைக்குப் போனாள். கதவில்லாமல், சக்கரமில்லாமல், மரக்கட்டைகள் மேல் நின்றது கார். ஓட்டுகிற சீட்டு மட்டும் மிச்சம். அதில் உட்கார்ந்தாள்.

முப்பது வருஷம் அம்மா இதில் உட்கார்ந்துதான் தீவைச் சுற்றினாள். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, சாயங்காலம் திரும்பும்போது பாறை வளைவில் ரெண்டு தரம் ஹாரன் அடிப்பாள். 'வந்துட்டேன், அடுப்பைப் போடு' என்று அப்பாவுக்குச் சேதி. சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டதும் குட்டி இங்குன் ஜன்னலுக்கு ஓடுவாள்.

அதை இன்னொரு தரம் கேட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஹாரனை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

"அழுத்தாதே. ஹாரனைக் குடுத்தாச்சு." கொட்டகை வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"அதைக்கூடவா?" அவள் சீட்டை விட்டு இறங்கினாள். "பெர்கன்காரர் முழுசா வெச்சுக்கறேன்னாரே அப்பா!"

"வெச்சுப்பார். படகேத்திக் கொண்டுபோயி, பெர்கன்ல."

"பிடிக்கலேன்னா பழைய இரும்புக்காவது போட்டிருக்கலாம். ஒரேயடியாப் போயிருக்கும்."

"ஒரேயடியாப் போறதை ஒரு தரம் பார்த்தாச்சும்மா. அது போதும்."

"அதுக்காக ஊர்ல கண்டவங்களுக்கும் கூறு போட்டுக் குடுப்பீங்களா? அம்மா சாமானுக்கு ஒரு மரியாதை வேண்டாம்?"

"உன்கிட்டதானே முதல்ல கேட்டேன். நிறுத்த இடமில்லேன்னே."

உண்மைதான். ஓஸ்லோவில் அவள் குடியிருப்பில் ஒரே ஒரு காருக்குத்தான் இடம். அந்த இடத்தில் அவளுடைய புது மின்சாரக் கார் நின்றது.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுப்படிக்குத் திரும்பி நடந்த அப்பாவின் பின்னாலேயே போனாள்.

"கதவு சரி, சக்கரம் சரி. போயும் போயும் ஒரு ஹாரன்! அதுல அப்படி என்ன பெரிய காசு கிடைச்சுது உங்களுக்கு?"

ஹால்வார் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால்.

"எதுக்கு எடுத்தாலும் கடிகாரத்தையே பாருங்க. அம்மா இருந்திருந்தா..."

அவள் முடிக்கவில்லை. பாறை வளைவிலிருந்து சத்தம் வந்தது. சளி பிடித்த தொண்டையில், ரெண்டு தரம்.

நாற்பது வயதை மறந்து இங்குன் ஜன்னலுக்கு ஓடினாள். தபால்காரி மார்கிட்டின் சிவப்புக் கார் வளைவைத் தாண்டி, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா... அது அம்மாவோட..."

"கதவுக்குக் காசு வாங்கினேன். சக்கரத்துக்கும் வாங்கினேன்." ஹால்வார் எழுந்து அடுப்பைப் போட்டார். "மார்கிட்கிட்ட மட்டும் காசு வேண்டாம்னுட்டேன். தினமும் இந்த நேரத்துக்கு அந்த வளைவுல ரெண்டு தரம் அடிச்சுட்டுப் போனா போதும்னேன்."