நாளைக்கு வர வேண்டிய ஜுரம்

“நாளைக்கு உனக்கு ஜுரம் வருமா?”

கல்பனா மிஸ் இப்படிக் கேட்டதும் ஜெனிபர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது.

“வராது மிஸ்.”

“வரும். வந்தா வீட்லயே படுத்துக்கணும். நாளைக்கு வெளியில இருந்து பரீட்சை வைக்க வராங்க. நீ வராதே, புரிஞ்சுதா? அம்மா கேட்டா, மிஸ்தான் சொன்னாங்கன்னு சொல்லு.”

சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனி அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தைத் தத்தெடுத்திருந்தது. பெரிய டிவி, புது பெஞ்சு, கல்பனா மிஸ்ஸின் சம்பளம் எல்லாம் கம்பெனி தந்தவை. தத்தெடுத்த பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வித்தாள்தான். மார்க்கைப் பார்த்துத்தான் அடுத்த வருஷமும் உதவுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஜெனிபர் படிக்கும் ஐந்தாம் வகுப்பில் இருந்தது மொத்தமே ஆறு பிள்ளைகள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் ஜெனிபரின் அம்மா சாராள் சாப்பாட்டு டப்பாவை அப்படியே கீழே வைத்தாள். நாளெல்லாம் நின்றபடி அட்டைப் பெட்டி ஒட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் மூன்றாவதோடு நின்றவள். இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் அவளையும் வர வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பிள்ளையை வர வேண்டாம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“கிளாஸ்ல மிஸ் உன்ன கேள்வி கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்கம்மா. நான் கையத் தூக்குனாகூட, நீ கம்முனு இரு, மத்தவங்க சொல்லட்டும்னுவாங்க.”

சாராள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. “உனுக்கும் என் மண்டையேதான் வாச்சிக்கிது” என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த ஸ்டீபன் எழுந்து உட்கார்ந்தான். “நான் அப்பவே சொல்லல? அஞ்சாவதோட நிறுத்திடு. ஆறாவதுக்கு கவரப்பேட்டைக்கு பஸ் ஏத்தி அனுப்பி இன்னாத்த கிழிக்கப் போறா? கொயந்தைய பக்கத்து ஊட்ல உட்டுட்டு நீ ஓடிக்கினு கெடக்கற. இவ பாத்துக்கினா நீ ஓவர்டைம் பாக்கலாம்.”

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் “அவ படிக்கட்டும்யா” என்று வெட்டிவிடுகிறவள் சாராள். இன்று, “சரி” என்றாள்.

ஜெனிபர் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் வீட்டில் பேசுவதே குறைவு.

“நான் நாளிக்கு பரீட்ச எழுதுவேன்.”

“எழுதி?”

“எனுக்கு ஜுரம் இல்ல.”

“பார்ரா! வாயே தொறக்காத சாமிக்கு வாய் வந்துடுச்சி” என்று ஸ்டீபன் சிரித்தான். சாராள் சிரிக்கவில்லை.

“மிஸ் சொன்னா சொன்னதுதான். கம்முனு ஊட்ல கெட.”

மறுநாள் காலையில் சாராள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த யூனிஃபார்மைக் காணோம். ஜெனிபரையும் காணோம். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் ஜெனிபர். பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிரே கல்பனா மிஸ் குனிந்து நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“எழுந்திரு கண்ணு. மார்ச்சுல திரும்ப வருவாங்க. அப்ப நீ கண்டிப்பா வரணும். நானே உன்னக் கூட்டிட்டு வரேன்.”

“இன்னிக்கே எழுதறேன் மிஸ்.”

சாராளைப் பார்த்ததும் மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. “நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. கூட்டிட்டுப் போங்கம்மா. இவளால என் வேலையே போய்டும்.”

சாராள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “எய்ந்திரு! ஒரு டீச்சரோட பொயப்ப கெடுக்கறியே, ஒனக்கே நல்லாக்கீதா?”

“நான் இன்னா தப்பு பண்ணேன்? அத சொல்லச் சொல்லு. எய்ந்து வரேன்.”

மற்ற ஐந்து பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஜெனிபரின் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வெளியே வேன் வந்து நின்றது. கேள்வித்தாள் கட்டுகளோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

சாராளுக்கு என்ன தோன்றியதோ, இழுப்பதை நிறுத்தினாள். கையை மட்டும் விடவில்லை.

“கோச்சிக்காதீங்க மிஸ். ஒரு ஓரமா குந்தி எழுதிட்டுத்தான் போட்டுமே. எப்படியும் அஞ்சாவதோட நிறுத்தப் போறோம். இவளுக்கு படிப்பு ஏறலன்னு எங்களுக்கே தெரியும். ஒருத்தி முட்டை வாங்குனா உங்க கம்பெனி இன்னா கவுந்துடவா போவுது?”

கல்பனா மிஸ் வாசலைப் பார்த்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, சாராளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“முட்டை வாங்கற பிள்ளையா இருந்தா நானே உக்கார வெச்சிருப்பேனே! இப்ப கம்மியா இருந்து, அப்புறம் ஏறினாத்தான் நாங்க சொல்லிக்கொடுத்தோம்னு கம்பெனி நம்பும். இவ இப்பவே எல்லாத்தையும் சரியா எழுதிடுவாம்மா!”

சாராள் மகளின் கையை விட்டாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.