நிமிர்ந்து நின்ற கண்ணாடி

“நான் இசக்கிராஜா, வயசு இருபத்தாறு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து பேசுறேன்.” புது நம்பரில் இருந்து வரும் செய்தியில் முதல் வரியிலேயே ஆள் யாரென்று தெரியாவிட்டால் அக்கா திறந்தே பார்க்கமாட்டாள். அதனால்தான் போனில் சொல்லச் சொல்ல எழுத்தாகும் அந்தச் செய்தியை அவன் இப்படி ஆரம்பித்தான்.

ஊரில், கடையத்தில் இருந்தபோது வீட்டில் முதலில் டிவிஎஸ் ஃபிஃப்டி, பிறகு ஸ்பிளெண்டர். இரண்டையும் அவனும் அப்பாவும் மாறி மாறி ஓட்டினார்கள். அப்பா குள்ளம். அவர் ஓட்டி நிறுத்திய வண்டியின் பக்கக் கண்ணாடி அவனுக்குத் தன் சட்டைப் பொத்தானைத்தான் காட்டும். காலையில் நிமிர்த்திவிட்டுத்தான் கிளம்புவான்.

“ஒன்ன யாருல இம்புட்டு வளரச் சொன்னா?” என்பார் அப்பா.

மலேசியா வந்தபின் கிள்ளானில் வாங்கிய பழைய கப்சாய் பைக்கை அவன் மட்டும்தான் ஓட்டுகிறான். அதன் கண்ணாடியும் தினமும் காலையில் சட்டைப் பொத்தானைக் காட்டியது. ஒர்க்‌ஷாப் ஸ்டானிஸ்லாஸ் அங்கிள் முடுக்கிப் பார்த்தார்.

“நட்டு டைட்டா இருக்கு லா தம்பி. யாரோ உன்கூட வெளையாடுறான்.”

அன்று ராத்திரி வண்டியை வீட்டின் பூட்டிய கிரில் கதவுக்குள் நிறுத்தினான். மறுநாளும் அப்படியே குனிந்திருந்தது. நாளாக ஆக பயம் விட்டுப்போனது. கண்ணாடியை நிமிர்த்தும்போது, “போயிட்டு வாரேம்ப்பா,” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது எட்டு மாதமாக அவனுக்குப் பழகிவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, போனை இன்னும் வாய்க்கருகே கொண்டுவந்தான்.

“இன்னைக்குக் காலைல கண்ணாடி நேத்து நான் வச்ச மாதிரியே நிமிந்து நிக்குதுக்கா. அப்பா போன் எடுக்கல. தென்காசில இருந்து கடையம் ஒனக்குப் பக்கந்தான. இதப் படிச்ச ஒடனே போயி அப்பாவப் பாரு.”