கலையாத பொட்டு

எர்ணாவூரில் ஏசி கம்ப்யூட்டர் அறையோடு ஒரு புதுப் பள்ளி வந்த பிறகு, ரமாபாய் டீச்சரின் சின்னப் பள்ளியில் புதிதாகப் பிள்ளை சேர்க்க யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த ஜூனில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த முதல் ஆள் அறிவுதான்.

"டீச்சர், இங்க கம்ப்யூட்டர்லாம் கீதா?"

டீச்சர் தயங்கியபடி உள்ளே அழைத்துப் போனார். மேலே மின்விசிறி கடகடத்தது. கம்ப்யூட்டர்களை மொய்த்துக்கொண்டு பிள்ளைகள் ஒரே கூச்சல்.

அறிவு குனிந்து பார்த்தார். "இன்னா டீச்சர், கீபோர்டுல எழுத்தே காணோம்?"

"பசங்க தட்டித் தட்டி அழிஞ்சுபோச்சு சார்."

"மவுஸு ஒட்டுப் போட்டு கீது?"

"நான் நீன்னு இழுத்ததுல உடைஞ்சிடுச்சு."

இவரும் கிளம்பிவிடுவார் என்று டீச்சருக்குத் தோன்றியது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அந்த ஏசி ஸ்கூலைப் பார்த்தீங்களா சார்? எல்லாம் புத்தம் புதுசா பளபளன்னு இருக்காமே!"

"ஆமா டீச்சர். ஆயுத பூஜைக்கு கீபோர்டுல வெச்ச குங்குமப் பொட்டு இன்னும் கலையாம அப்படியே கீது." அறிவு சிரித்தார். "எங்க அம்முவ இங்கியே சேத்துக்கோங்க."

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது.

"பெத்தவங்களைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்திடுவாங்களாமே! கீபோர்டுல இருக்கிற பொட்டு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

அறிவு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெச்சதே நான்தான். அந்த ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியாரு நானு, டீச்சர்!"