ஒரே சட்டிச் சோறு

“ஏனுங்க, கொஞ்சமாச்சும் வெக்கமிருக்குதுங்களா? தட்டப்பயிறும் கத்திரிக்காயும் போட்டுக் கொழம்பு வெச்சிருக்கறேன். நீங்க நாயோட உக்காந்து உப்பில்லாத சோத்தைத் திங்கறீங்க!”

ரங்காத்தாள் கரண்டியை வீசினாள். அது கந்தவேலின் காலடியில் போய் விழுந்தது. அவர் நிமிரவில்லை. குழைந்த சோற்றில் தனக்கு ஒரு கவளம், சிங்கனுக்கு ஒரு கவளம்.

“நான் தின்னாத்தான் இவன் திங்கறான் புள்ள. கிட்னி போன நாய். உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொல்லீட்டாரு.”

“சாயப்பட்டறையில ரெண்டு பேரும் ஒரே போர்த் தண்ணியக் குடிச்சீங்க. இப்ப ஊட்டுல ஒரே சட்டி. நாளைக்குப் பாயையும் அதுக்குப் பக்கத்துலயே போட்டுக்குங்க!”

கந்தவேல் சாயப்பட்டறையில் சேர்ந்த வருடம் குட்டியாக வந்து அவரோடு ஒட்டிக்கொண்டது சிங்கன். கிழடாகிப் படுத்ததும் முதலாளி விரட்டச் சொல்ல, அவர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். பனியன் வேஸ்ட் துணியில் மெத்தை. பக்கத்தில் எந்நேரமும் நல்ல தண்ணீர். அது குடித்துக் குடித்துத் துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். அலசுவது ரங்காத்தாள்தான். திட்டிக்கொண்டே அலசுவாள், காய்ந்ததும் திட்டிக்கொண்டே கொண்டுவந்து விரிப்பாள்.

“தையில நம்ம பொண்ணு அனுவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கோணும், சிவன்மலையில மண்டபம் சொல்லோணும். இங்க என்னடான்னா நாய்க்கு வைத்தியம் நடக்குது!”

“கல்யாணம் முடியற வரைக்கும் இழுத்துப் புடிச்சாப் போதும் புள்ள.”

“ஏன், நாய் வந்து தாரை வாத்துக் குடுக்கப் போவுதா?”

கந்தவேல் சிரித்தார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

“செருப்பு எங்கீங்க?”

“கடிக்குது.”

“அதையும் நாய்க்குக் குடுத்தாச்சாக்கும்!”

மத்தியானம் சிங்கன் வாந்தியெடுத்தது. தலை தொங்கிவிட்டது. ரங்காத்தாளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“சாவறதுன்னா அந்த மனுசன் இருக்கறப்பச் சாவு. அவருக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?”

திட்டிக்கொண்டே அதைப் பனியன் துணியில் சுற்றினாள். அதன் மருந்து டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பெருமாநல்லூர் போய்ச் சேரும்வரை நாய் மடியிலேயே கிடந்தது. “முருகா, முருகா” என்று வாய் தன்னால் முணுமுணுத்ததை அவள் கவனிக்கவில்லை.

கால்நடை மருத்துவர் டிரிப் ஏற்றினார். சற்று நேரத்தில் சிங்கன் கண் திறந்து, வால் நுனியை மட்டும் அசைத்தது.

“பொழைச்சுக்கிட்டான். நல்லாத்தான் பாத்துக்கறீங்கம்மா” என்ற மருத்துவர், டப்பாவைத் திறந்து மாத்திரைப் பட்டைகளைப் புரட்டினார். அவர் நெற்றி சுருங்கியது. “நான் குடுத்தது இந்த டானிக் மட்டுந்தானுங்களே. இந்த மாத்திரையெல்லாம் யாருங்க வாங்குனது?”

“எங்கூட்டுக்காரருதானுங்க! நாய் மாத்திரைன்னு யாரையும் தொட உட மாட்டாரு. காலையிலயும் பொழுதோடயும் அவரே எடுப்பாரு. தப்பு மாத்திரைங்களா? அதான் வாந்தியெடுத்துச்சா? வரட்டும், இன்னிக்கு அந்த மனுசனை உண்டு இல்லைன்னு பண்ணிப்போடறேன்!”

“தப்பு மாத்திரை இல்லீங்கம்மா.” மருத்துவர் பட்டையை மெதுவாக அவள் கையில் வைத்து மூடினார். “கிட்னிக்குத்தான். ஆனா, மனுசங்களுக்குக் குடுக்கறதுங்க.”

‘நாய் வந்து தாரை வாத்துக் குடுக்கப் போவுதா?’ என்று காலையில் தான் கேட்டது, ரங்காத்தாளின் காதில் இப்போதுதான் விழுந்தது.