திட்டுவதற்கு ஒரு பெயர்

பரணிலிருந்து இறக்கும்போதே மூட்டை கனக்கவில்லை.

தாண்டவராயன் கட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்டான். விதை நெல்லுக்குப் பதிலாக உமி வந்தது. மூட்டையின் அடி வரைக்கும் உமிதான்.

தன் கூரை வீடு ஒழுகும் என்று பத்து வருடமாக அவன் விதை நெல்லை ஷரீபா பீயின் ஓட்டு வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவான். இப்போது ஏரி நிரம்பி, நாற்றங்கால் உழுது கிடக்கிறது. நாளைக்கு விதைக்க வேண்டும்.

அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். படுபாவி, கத்தவில்லை.

“உங்க மேல ஒன்னும் இல்ல பாயம்மா. அடுத்த வருசம் வேற வூடு பாத்துக்கறேன்.”

உமி மூட்டையையே தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வாசல் வரைக்கும் உமி சிந்திக்கொண்டே போனதை ஷரீபா பார்த்தாள். யார் செய்த வேலை என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் இருப்பது அவளும் மகனும்தான். போன வாரம் அவன் புது டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோதே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். சிநேகிதன் கொடுத்தானாம், சிநேகிதன்! பட்டினி கிடந்தாலும் விதை நெல்லில் கை வைக்காத ஊர் இது.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். காஞ்சிபுரம் பஸ்ஸில் அவன் வரட்டும்.

அவள் வாயைத் திறந்தால் ஏரி மதகைத் திறந்த மாதிரி என்று தெருவே சொல்லும். ஆனால் எந்த ஆத்திரத்திலும் அவள் ஒன்றை மட்டும் தாண்டியதில்லை. மகனுக்கு வைத்திருந்தது நபிகள் நாயகத்தின் பட்டப்பெயர். அவரைக் கொல்லத் துடித்தவர்கள்கூடத் தங்கள் பொருளை அவரிடம்தான் நம்பிக் கொடுத்து வைத்தார்கள். நம்பிக்கைக்குரியவர் என்று ஊரே கூடிக் கொடுத்த பெயர் அது. அதைச் சொல்லித் திட்டினால் நாக்கு அழுகிப்போகும் என்று, பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்றே அவள் புருஷன், திட்டுவதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

மூக்கன்.

இருபத்திரண்டு வருடமாக மூக்கன்தான் அடி வாங்கினான். மூக்கன்தான் சோறும் தின்றான். நல்ல பெயர் பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலை மாதிரி கசங்காமலே இருந்தது.

பஸ் வந்தது. அதே சட்டையில் அவன் வந்தான்.

வாசலில் சிந்திக் கிடந்த உமியைப் பார்த்தான். விளக்குமாற்றைப் பார்த்தான். வழக்கம்போலத் தலையைக் குனிந்து முதுகைக் கொடுத்து நின்றான். நாலு அடி, நாற்பது வசவு, அப்புறம் சோறு. அவனுக்குத் தெரியாததா?

ஷரீபா எழுந்தாள். விளக்குமாற்றைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினாள்.

பிறகு, அந்நிய ஆண்கள் வந்தால் செய்வதுபோல, முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“முகம்மது அமீன், வாங்க. உக்காருங்க.”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“அம்மா… மூக்கான்னு கூப்புடும்மா. அடிம்மா.”

வெளியாட்களுக்கென்று வைத்திருந்த சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து, அவள் அவன் எதிரில் வைத்தாள்.