காந்தம் யாருடையது?

ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக விழும் வெயில், மேசைமேல் விரிந்திருக்கும் சீனியர் ஆசிரியையின் பாடக்குறிப்பு நோட்டின்மேல் சுளீரென்று படுகிறது. தலைமையாசிரியர் அதில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டபடியே பேசுகிறார். "பாடக்குறிப்புன்னா இப்படி இருக்கணும். சீனியர் சீனியர்தான். நீங்களும் பார்த்துக் கத்துக்கங்கம்மா." இளைய அறிவியல் ஆசிரியை எட்டி நோட்டைப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவள் எழுதியதுதான் அது. "பார்த்துட்டுத் தரேன்" என்று சீனியர் நேற்று இவள் நோட்டை வாங்கிப் போய் அடித்திருப்பது அசல் ஈயடிச்சான் காப்பி. உபகரணங்கள் என்ற தலைப்பின்கீழே, 'லாடக் காந்தம், என் மகளுடையது, மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகவும்' என்று இவள் தனக்காகக் கிறுக்கிவைத்த வரிகூட அங்கே குண்டு குண்டான எழுத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. தலைமையாசிரியரின் பேனா அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டு மூடிக்கொள்கிறது. அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்ததும், சீனியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கையை நீட்டுகிறாள். "அந்தக் காந்தத்தைக் குடும்மா. அடுத்த பீரியட் இன்ஸ்பெக்டர் என் கிளாஸுக்குத்தான் வர்றாரு." மணி அடிக்கிறது. இளையவள் மேசைமேல் இருக்கும் காந்தத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போடுகிறாள். உள்ளே சாவிக்கொத்து டக்கென்று அதில் ஒட்டிக்கொள்கிறது. ஜிப்பை நிதானமாக இழுத்து மூடுகிறாள். "அது உங்க பொண்ணோடதுன்னு எழுதியிருக்கீங்களேக்கா. அவகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க." இரண்டும் பையன்களாகப் பெற்ற சீனியரின் விரல், நோட்டுக்குள் அவசர அவசரமாக அந்த வரியைத் தேடுகிறது.